கூகுளின் தண்ணீர்ப் பேரேடு: ஒரு மதிப்புரை

கூகுள் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் சுற்றுச்சூழல் அறிக்கையை எவரும் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். நூறு பக்கத்தை ஒட்டிய அந்த ஆவணத்தில் பெரும்பகுதியைக் கரிம உமிழ்வும் மின்சாரமும் எடுத்துக்கொள்ள, தண்ணீருக்குச் சில பக்கங்களும் பின்னிணைப்பில் சில அட்டவணைகளும் மட்டுமே கிடைக்கின்றன. அந்தச் சில பக்கங்களையும் அட்டவணைகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு, காசு கொடுத்து வாங்கிய ஒரு பொருளை எவ்வளவு கறாராகச் சோதிப்போமோ அவ்வளவு கறாராகச் சோதிப்பதே இம்மதிப்புரையின் நோக்கம். இந்த அறிக்கை முதலீட்டாளர்களையும் அரசுகளையும் நகராட்சிகளையும் நோக்கிப் பேசுகிறது; சர்வர் கணினிகள் குவிந்திருக்கும் ஒரு தரவு மையத்துக்கு நிலமும் நீரும் ஒதுக்கலாமா என்று முடிவெடுப்பவர்கள் இதைப் புரட்டிப் பார்க்கிறார்கள். அத்தகைய ஆவணம் நம்பத்தக்கதா, எந்தப் பக்கத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது, கூகுளின் பங்கு ஒன்றுகூட வைத்திராத நமக்கும் தேவைப்படும் செய்திதான்.

முதலில் இந்தப் பேரேட்டின் கணக்குமுறையைப் பார்த்துவிடலாம். நிறுவனம் மூன்று அளவுகளைப் பதிவு செய்கிறது. குழாயிலிருந்தோ ஆற்றிலிருந்தோ கால்வாயிலிருந்தோ எடுத்த நீர் ஒன்று. பயன்படுத்திய பிறகு கழிவுநீராக வெளியே விட்ட நீர் இன்னொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது செலவான நீர், அதாவது பெரும்பாலும் ஆவியாகிக் காற்றில் கலந்து, அந்த ஊரின் கணக்கிலிருந்து அப்போதைக்கு மறைந்துபோன நீர். பல நிறுவனங்களின் அறிக்கைகளில் இம்மூன்றும் ஒரே சொல்லுக்குள் போட்டுக் குழப்பப்படுவதைப் பார்த்திருக்கும் வாசகருக்கு, இங்கே அவை அட்டவணையின் தனித்தனிப் பத்திகளில் நிற்பது ஆறுதலாக இருக்கும். அளவுகள் மில்லியன் காலனில் தரப்படுகின்றன. அது அமெரிக்கக் காலன், 3.785 லிட்டர், நம் பெரியவர்கள் பழகியிருந்த பிரிட்டிஷ் காலனோ 4.546 லிட்டர். இதைக் கவனிக்காமல் பெருக்கினால் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் கணக்கில் தானாகவே ஊறிவிடும்.

தேடுபொறிக்கும் மின்னஞ்சலுக்கும் தண்ணீர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அறிக்கை சுருக்கமாகவே விடை சொல்கிறது. சற்று விரித்துச் சொன்னால்தான் மற்றவை விளங்கும். சர்வர் கணினிகள் உண்ணும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே வெளியேறுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்றுவதற்கு மலிவான வழி, கூலிங் டவர் எனப்படும் குளிர்விப்புக் கோபுரத்தில் நீரை ஆவியாக்குவது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.67 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தைத் தன்னோடு கொண்டுபோய்விடுகிறது. நீர் மட்டுமே ஆவியாகிறது, அதில் கரைந்திருந்த உப்புகள் தங்கிவிடுகின்றன. சுற்றிவரும் நீரில் உப்புச் செறிவு ஏற ஏறக் குழாய்களில் படிவு கட்டும் என்பதால், அவ்வப்போது ஒரு பகுதியை வெளியே விட்டுப் புதுநீரைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. கோபுரத்தில் ஆவியானது பேரேட்டின் செலவுப் பத்தியிலும், இப்படி வெளியே விட்டது வெளியேற்றப் பத்தியிலும் பதிவாகின்றன. ஒரே நீரை எத்தனை சுற்று ஓட்டிவிட்டு வெளியே விடுகிறார்கள் என்பதில்தான் ஒரு வளாகத்தின் சிக்கனம் பெரிதும் அடங்கியிருக்கிறது. அந்தச் சுற்று எண்ணிக்கையை வளாகவாரியாகத் தந்திருந்தால் தொழில்நுட்பம் தெரிந்த வாசகருக்குப் பேருதவியாக இருந்திருக்கும்.

இனி மொத்த எண்கள். 2021-ல் நிறுவனத்தின் தரவு மையங்கள் உலகெங்கும் செலவிட்ட நீர் சுமார் 430 கோடி காலன். அலுவலகங்களையும் சேர்த்துப் பார்த்தால் 2022-ல் சுமார் 560 கோடி, 2023-ல் ஏறக்குறைய 640 கோடி, 2024-ல் சுமார் 810 கோடி காலன். ஆண்டுக்காண்டு ஏறுமுகம் மட்டுமே தெரியும் இந்த வரிசையை நிறுவனம் மறைக்கவில்லை, அட்டவணையில் அப்படியே வைத்திருக்கிறது. ஆனால் முன்பக்கங்களில் இதை விளக்கக் கையாண்ட உவமைதான் சிரிப்பை வரவழைக்கிறது: 2021-ன் அளவு அமெரிக்காவின் தென்மேற்கில் 29 கோல்ஃப் மைதானங்களைப் பராமரிக்கத் தேவைப்படும் நீருக்குச் சமம் என்றார்கள், 2023-க்கு அது 41 மைதானங்களானது. பாலைவனத்தில் புல் வளர்க்கும் ஊதாரித்தனத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டால் எந்தச் செலவும் சிறியதாகத்தான் தோன்றும். நமக்குப் பழகிய அலகில் சொல்வதானால், 2024-ன் செலவு சுமார் 3,070 கோடி லிட்டர், அதாவது ஒரு டி.எம்.சி.யைச் சற்றே தாண்டியது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கோடி லிட்டர் பெறும் சென்னை மாநகருக்கு அது ஒரு மாதத் தண்ணீர்.

ஆக, உலகின் மிகப் பெரிய நிறுவனங்களுள் ஒன்று ஓராண்டு முழுதும், கண்டங்கள் தோறும் செலவிட்ட நீர் காவிரிப் பங்கீட்டுப் பேச்சில் ஒரு நாள் சச்சரவுக்குக்கூடப் போதாத அளவுதான். இதைப் பார்த்துவிட்டு, பிறகெதற்கு இவ்வளவு கூச்சல் என்று அறிக்கையை மூடிவைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தவறான பத்தியைப் பார்த்துவிட்டார்கள் என்பதே என் கருத்து. உலக மொத்தம் என்ற எண்ணுக்குத் தண்ணீர் விஷயத்தில் பெரிய பொருள் கிடையாது. கரியமில வாயு எங்கே வெளியானாலும் ஒரே வானத்தில் கலக்கிறது. எனவே அதைக் கூட்டலாம், கழிக்கலாம். தண்ணீர் அப்படிப்பட்டதன்று. பின்லாந்தில் மிச்சமானது சிலியின் நிலத்தடியில் ஊறுவதில்லை. ஆகையால் இந்தப் பேரேட்டில் பொன்னெழுத்தில் அச்சிட வேண்டிய பக்கம், பின்னிணைப்பில் சிறிய எழுத்தில் கிடக்கும் வளாகவாரி அட்டவணை.

அந்த அட்டவணையில் ஒவ்வொரு தரவு மைய வளாகத்துக்கும் எடுத்தது, வெளியேற்றியது, செலவானது என்று தனித்தனி எண்கள் உள்ளன. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மிசூரி ஆற்றங்கரையில் உள்ள கவுன்சில் பிளஃப்ஸ் வளாகம் மட்டும் 2024-ல் ஏறத்தாழ 100 கோடி காலன், அதாவது 380 கோடி லிட்டர் அளவுக்குச் செலவிட்டிருப்பதை எவரும் அதில் பார்த்துக்கொள்ளலாம். காற்றால் குளிர்விக்கப்படும் வளாகங்களின் வரிகளில் எண்கள் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குச் சிறுத்துப்போவதையும் பார்க்கலாம். குறைந்த நீரில் இயங்க முடியும் என்பதற்கும், எல்லா இடத்திலும் அப்படி இயங்கவில்லை என்பதற்கும் ஒரே அட்டவணை சாட்சியாக நிற்கிறது. இந்தத் துறையில் இத்தகைய இடவாரிக் கணக்கை ஒழுங்காகத் தரும் நிறுவனங்கள் அரிது; இதற்காகக் கூகுளுக்குத் தாராளமாகவே மதிப்பெண் கொடுக்கலாம்.

இந்த அட்டவணை பிறந்த காலச்சூழலையும் வாசகர் அறிந்திருப்பது நல்லது. ஒரிகன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றங்கரையில் தி டால்ஸ் என்ற சிறு நகரம் உள்ளது. கூகுள் தன் சொந்தத் தரவு மையத்தை முதன்முதலில் அமைத்த இடங்களில் அதுவும் ஒன்று. 2006 முதல் அங்கே இயங்கி வருகிறது. நிறுவனம் புதிய கட்டடங்கள் எழுப்பத் திட்டமிட்டபோது, அது எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது என்று 'தி ஒரிகோனியன்' நாளிதழ் 2021-ல் நகராட்சியிடம் கேட்டது. அது வணிக இரகசியம் என்று சொல்லி நகராட்சி மறுத்தது. தகவலைத் தரும்படி மாவட்ட வழக்கறிஞர் உத்தரவிட்டதும் நாளிதழின் மீதே வழக்குத் தொடுத்தது. அந்த வழக்குச் செலவைக் கூகுள் ஏற்றுக்கொண்டது. ஓராண்டுக்கு மேல் இழுத்த வழக்கு 2022 டிசம்பரில் சமரசத்தில் முடிந்து எண்கள் வெளிவந்தபோது, 2021-ல் கூகுள் 35.5 கோடி காலன் எடுத்திருந்தது, நகரத்தின் மொத்தப் பயன்பாட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் அது, ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ மும்மடங்காகியிருந்தது என்ற விவரங்கள் தெரிந்தன. தன் அமெரிக்க வளாகங்களின் நீர்க்கணக்கை இடவாரியாகத் தருவதாக நிறுவனம் தானே அறிவித்தது 2022 நவம்பரில், அந்தச் சமரசத்துக்குச் சில வாரங்கள் முன்பு. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்பதை வாசகரின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன். அதே ஊரில் நீர்க் கட்டமைப்புக்காக 2.85 கோடி டாலர் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது என்பதையும், பழைய அலுமினிய ஆலை நிலத்தோடு வந்த நீருரிமைகளை நகராட்சிக்கே மாற்றித்தர முன்வந்தது என்பதையும் சொல்லாமல் விட்டால் கணக்கு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்.

குறைப்பு முயற்சிகளைப் பற்றிய பகுதிதான் அறிக்கையில் வாசிக்கச் சுவையானது. ஜார்ஜியா மாநிலத்தின் டக்ளஸ் கவுண்டி வளாகத்தில் குடிநீருக்குப் பதிலாக நகராட்சியின் சுத்திகரித்த கழிவுநீரைக் குளிர்விப்புக்குப் பயன்படுத்துகிறார்கள். சட்டஹூச்சி ஆற்றுக்குப் போயிருக்க வேண்டிய சுத்திகரித்த நீரில் முப்பது விழுக்காடு வரை வழிமறித்துத் தனியாக ஒரு நிலையத்தில் மேலும் சுத்தம் செய்து, வளாகத்துக்கு அனுப்பி, ஆவியாகாமல் எஞ்சியதை மறுபடியும் சுத்திகரித்து ஆற்றில் விடுகிற ஏற்பாடு அது. பெல்ஜியத்தின் சான் கிஸ்லான் வளாகம் தொழில்துறைக் கால்வாயின் நீரை எடுக்கிறது. பின்லாந்தின் ஹமினாவில், 2009-ல் வாங்கிய பழைய காகித ஆலையின் கடல்நீர்ச் சுரங்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, பின்லாந்து வளைகுடாவின் குளிர்ந்த நீரால் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறார்கள். திரும்ப விடும் முன் வெதுவெதுப்பைக் குறைத்தும் விடுகிறார்கள். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து வடசென்னை, திருப்பெரும்புதூர்ப் பகுதித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் ஏற்பாட்டைப் பார்த்தவர்களுக்கு டக்ளஸ் கவுண்டியின் கதை புதுமையாகத் தோன்றாது. குடிக்கத் தகுந்த நீரைக் கோபுரத்தில் ஆவியாக்காதே என்ற எளிய விதியை ஒரு நிறுவனம் எத்தனை இடங்களில் கடைப்பிடிக்கிறது என்பதுதான் கேள்வி. தன் வளாகங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் மறுசுழற்சி நீரையோ குடிக்கத் தகாத நீரையோ பயன்படுத்துவதாக நிறுவனம் சொல்லியிருக்கிறது. அப்படியானால் மீதமுள்ள பல இடங்களில் ஊருக்கு வரும் குடிநீரே கோபுரத்துக்கும் போகிறது.

நீரே வேண்டாமென்று காற்றால் குளிர்வித்துவிட்டால் என்ன என்ற கேள்விக்கு அறிக்கை தரும் விடை நேர்மையானது. நீரால் குளிர்விக்கும் தன் மையங்கள் காற்றால் குளிர்விக்கும் மையங்களைவிட ஏறத்தாழ பத்து விழுக்காடு குறைந்த மின்சாரத்தில் இயங்குவதாகவும், அதற்கேற்பக் கரிம உமிழ்வும் குறைவதாகவும் நிறுவனம் கூறுகிறது. எனவே நீர்வளம் உள்ள இடத்தில் நீர், வறண்ட இடத்தில் காற்று என்பது அதன் கொள்கை. அரிசோனாவின் மேசா நகரில் அமைக்கும் வளாகத்துக்குக் காற்றுக் குளிர்விப்பைத் தேர்ந்ததற்குக் கொலராடோ ஆற்றின் நிலைமையே காரணம். 2023 முதல், புதிய இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அங்குள்ள நீர்ப்படுகையின் நிலையை ஆராய்ந்து முடிவெடுக்கும் ஒரு வழிமுறையையும் கையாள்கிறார்கள். கொள்கை சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 2023-ல் நிறுவனம் எடுத்த நன்னீரில் சுமார் 15 விழுக்காடு, வற்றும் ஆபத்து அதிகமுள்ள நீர்ப்படுகைகளிலிருந்து வந்தது என்று அதே அறிக்கை சொல்கிறது. புதிய இடங்களுக்கு வகுத்த விதி பழைய இடங்களை எப்போது எட்டும் என்பதற்கு ஆண்டும் நாளும் குறித்த பதிலை அந்தப் பக்கங்களில் நான் காணவில்லை.

இங்கேதான் பேரேட்டின் பெரிய ஓட்டை தென்படுகிறது. காற்றுக் குளிர்விப்புக்குக் கூடுதலாகத் தேவைப்படும் மின்சாரம் எங்கோ ஒரு நிலையத்தில் உற்பத்தியாகிறது. அது அனல்மின் நிலையமாக இருந்தால் அங்கேயும் ஒரு கோபுரம், அங்கேயும் ஆவி. வளாகத்தின் மீட்டரில் குறைந்த தண்ணீர் மின்நிலையத்தின் மீட்டரில் ஏறியிருக்கக்கூடும். அந்த மறைமுக நீரைக் கூகுளின் பேரேடு கணக்கிலேயே எடுப்பதில்லை. சிப்புகளைத் தயாரிக்கும் ஆலைகளில் செலவாகும் நீரும் மேலே சொன்ன மொத்தத்தில் இல்லை. இது சில்லறை விடுபாடு என்று ஒதுக்க முடியாது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் 2024 டிசம்பரில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2023-ல் அந்நாட்டின் தரவு மையங்கள் எல்லாமாகச் சேர்ந்து நேரடியாகச் செலவிட்ட நீர் சுமார் 6,600 கோடி லிட்டர்; அவை வாங்கிய மின்சாரத்தின் பின்னணியில் செலவான நீரோ சுமார் 80,000 கோடி லிட்டர். பன்னிரண்டு மடங்கு. மின்சாரத்துக்குள் ஒளிந்திருக்கும் நீரை அளப்பதில் முறைச் சிக்கல்கள் உண்டென்பது உண்மையே. நீர்மின் அணைகளின் மேற்பரப்பிலிருந்து ஆவியாவதை யார் கணக்கில் எழுதுவது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனாலும் கரிம உமிழ்வில் வாங்கிய மின்சாரத்தின் பங்கைத் தனியே பிரித்து எழுதத் தெரிந்த நிறுவனத்துக்குத் தண்ணீரில் மட்டும் அது ஏன் கடினமாக இருக்க வேண்டும்?

கூகுளின் செயற்கை நுண்ணறிவு உதவியாளரான ஜெமினியைப் பற்றி 2025 ஆகஸ்டில் வெளியான கணக்கிலும் இதே விடுபாடு தொடர்ந்தது. ஜெமினி செயலியில் நடுத்தரமான ஓர் எழுத்துக் கேள்விக்கு 0.26 மில்லி லிட்டர், அதாவது ஐந்து சொட்டு நீர் செலவாகிறது என்று அறிவித்தார்கள். வெறுமனே கைக்கு வந்த எண்ணைச் சொல்லாமல், சும்மா காத்திருக்கும் இயந்திரங்களையும் குளிர்விப்பையும் சேர்த்து எப்படி அளந்தார்கள் என்பதையும் வெளியிட்டது பாராட்டத்தக்கது. வேறு பல நிறுவனங்கள் அந்த அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து சொட்டில் மின்நிலையத்தின் நீர் சேரவில்லை, ஆய்வாளர்கள் உடனே சுட்டிக்காட்டியதும் அதைத்தான். தவிர, அது எழுத்துக் கேள்விகளுக்கு மட்டுமான இடைநிலை அளவு, அதாவது கேள்விகளைச் செலவுவாரியாக வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதன் அளவு. படமும் காணொளியும் உருவாக்கச் சொன்னால் என்னவாகும் என்பது அதில் அடங்கவில்லை. சொட்டுக்கணக்கு ஒருபுறம் சிறுத்துக்கொண்டே போக, ஆண்டு மொத்தம் மறுபுறம் பெருத்துக்கொண்டே போவதை இரண்டு ஆவணங்களையும் அருகருகே வைத்தால்தான் உணர முடிகிறது.

அடுத்து, நிறுவனம் மிகவும் பெருமைப்படும் பகுதி: திருப்பித் தருதல். 2030-க்குள் தான் செலவிடும் நன்னீரில் சராசரியாக 120 விழுக்காட்டை இயற்கைக்குத் திருப்பித் தருவதாக 2021 செப்டம்பரில் கூகுள் உறுதியளித்தது. 2022-ல் 6 விழுக்காடு, 2023-ல் 18, 2024-ல் 64 என்று அந்த எண் தாவியிருக்கிறது. 2024-ல் மட்டும் சுமார் 450 கோடி காலனைத் திருப்பித் தந்ததாகக் கணக்கு. நூற்றுக்கும் மேற்பட்ட திட்டங்கள் இதற்காக நடக்கின்றன. சதுப்பு நிலங்களை மீட்பது, உழவர்களுக்குச் சிக்கனமான பாசனக் கருவிகள் தருவது, நகராட்சிக் குழாய்களில் கசிவைக் கண்டுபிடிப்பது, நீரை அதிகம் உறிஞ்சும் அயல் தாவரங்களைக் களைவது போன்றவை அவை. லாஸ் ஏஞ்சலிஸ் அருகே சான் கேப்ரியல் மலைகளில் அத்தகைய தாவரங்களை அகற்றினார்கள். லேக் மீட் நீர்த்தேக்கத்திலிருந்து எடுக்கும் நீரைக் குறைக்கக் கொலராடோ ஆற்றங்கரைப் பழங்குடியினரின் திட்டத்துக்குத் துணை நின்றார்கள். பயனுள்ள பணிகள், எவரும் குறை சொல்ல முடியாது.

என் தடங்கல் பணிகளில் இல்லை, அவற்றை எழுதிய பத்தியில் இருக்கிறது. செலவுப் பத்தியில் உள்ள ஒவ்வொரு காலனும் மீட்டரில் ஓடியது. திருப்பித் தந்த பத்தியில் உள்ள காலன்களோ பெரும்பாலும் கணித மாதிரிகளில் பிறந்தவை. ஒரு புதரை வெட்டாமல் விட்டிருந்தால் அது எவ்வளவு உறிஞ்சியிருக்கும், கசிவை அடைக்காமல் விட்டிருந்தால் எவ்வளவு ஒழுகியிருக்கும் என்று நடக்காததை அனுமானித்துத்தான் அந்த அளவைக் கணக்கிட முடியும். உலக வள நிறுவனம் 2019-ல் வேறு சில அமைப்புகளோடு சேர்ந்து இதற்கென ஒரு கணக்குமுறையை வகுத்தது. பெருநிறுவனங்கள் அதையே பின்பற்றுகின்றன, எனவே ஏதோ மனம்போன போக்கில் எழுதிய எண்கள் என்று சொல்லிவிட முடியாது. என்றாலும் மீட்டரில் ஓடியதும் மாதிரியில் பிறந்ததும் ஒரே அலகில், ஒரே வரைபடத்தில், ஒன்றையொன்று நேர்செய்வதுபோல் நிற்கும்போது வாசகர் மனம் தானாகவே கழித்துப் பார்க்கிறது. 810-லிருந்து 450-ஐக் கழித்தால் 360. 2022-ன் 560-லிருந்து அந்த ஆண்டு திருப்பித் தந்த 27-ஐக் கழித்தால் 533. அடடா, குறைந்துவிட்டதே என்று தோன்றும். உண்மையில் கோபுரங்களில் ஆவியானது அந்த இரண்டாண்டுகளில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் கூடியிருக்கிறது. கழித்துக்கொள்ளுங்கள் என்று அறிக்கை எந்த இடத்திலும் சொல்லவில்லை. கழிக்காதீர்கள் என்றும் போதிய அழுத்தத்துடன் சொல்லவில்லை.

இரண்டாவது சிக்கல் இடம். என் வயலுக்கு உங்கள் ஊர்க் கிணற்றில் இறைத்துவிட்டு, அதற்கு ஈடாகப் பத்து ஊர் தள்ளி ஓர் ஏரியைத் தூர்வாரிக் கொடுத்தால், அந்த ஏரிக்காரர்கள் என்னை வாழ்த்துவார்கள், நீங்கள் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். 120 விழுக்காடு என்பது எல்லா இடங்களையும் சேர்த்த சராசரி என்று உறுதிமொழியின் வாசகமே சொல்கிறது. தான் இயங்கும் நீர்ப்படுகைகளுக்கு முன்னுரிமை தருவதாக நிறுவனம் எழுதுகிறது. அப்படியானால் வளாகவாரி அட்டவணையில் எடுத்தது, விட்டது, செலவானது என்ற மூன்று பத்திகளுக்குப் பக்கத்தில் அதே நீர்ப்படுகையில் திருப்பித் தந்தது என்று நான்காவதாக ஒரு பத்தியைச் சேர்த்துவிடலாம். கவுன்சில் பிளஃப்ஸ் வரியில் 100 கோடி காலனுக்கு எதிரே என்ன எண் இருக்கிறது என்று மிசூரிக் கரையில் வாழ்பவர் பார்த்துக்கொள்வார். அந்த ஒரு பத்தி சேராத வரை 64 விழுக்காடு என்ற எண்ணை நான் நற்பணிகளின் பட்டியலாகத்தான் வாசிப்பேன், பற்று வரவாக வாசிக்க மாட்டேன்.

அறிக்கையில் சுருக்கமாக இடம்பெறும், அல்லது இடம்பெறாமலே போகும் இரண்டு தென்னமெரிக்க நிகழ்வுகளை இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும். சிலியின் தலைநகர் சான்டியாகோவை ஒட்டிய செரியோஸ் பகுதியில், நொடிக்கு 169 லிட்டர் வரை நிலத்தடி நீர் எடுக்க வழிசெய்யும் தரவு மையத் திட்டத்துக்கு 2020-ல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. நீண்ட வறட்சியில் தவித்துக்கொண்டிருந்த அந்த நாட்டில் பகுதிவாசிகள் திரண்டு எதிர்த்தார்கள். 2024 பிப்ரவரியில் சுற்றுச்சூழல் நீதிமன்றம் அனுமதியைப் பகுதியளவு திருப்பி அனுப்பியது. அதே ஆண்டு செப்டம்பரில், திட்டத்தைக் காற்றுக் குளிர்விப்புடன் முதலிலிருந்து தொடங்குவதாக நிறுவனம் அறிவித்தது. உருகுவேயில் திட்டமிட்ட மையம் நாளொன்றுக்கு 76 லட்சம் லிட்டர் குடிநீர் கேட்கிறது என்ற விவரம் சட்டப் போராட்டத்துக்குப் பின்னரே வெளிவந்தது. 2023-ல் அதே நாட்டுத் தலைநகர் மாண்டிவிடியோவின் குழாய்களில் உப்புநீர் வந்துகொண்டிருந்தது. பிறகு அந்தத் திட்டமும் காற்றுக் குளிர்விப்புக்கு மாறியது. தி டால்ஸ், செரியோஸ், உருகுவே ஆகிய மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், இந்த நிறுவனத்தின் நீர்ச் சிக்கனத்தில் பொறியாளர்களுக்கு உள்ள பங்குக்குக் குறையாத பங்கு நாளிதழ்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் தெருவில் இறங்கிய மக்களுக்கும் உண்டு என்பது புலப்படும். அறிக்கையின் நன்றியுரையில் அவர்கள் பெயர் இருக்காது.

பயன்படுத்தும் வசதியைப் பற்றியும் ஒரு சொல். மின்சாரச் சிக்கனத்துக்கான பி.யூ.ஈ. என்ற குறியீட்டை, அதாவது வளாகத்தின் மொத்த மின்சாரம் கணினிகள் மட்டும் உண்பதைப்போல் எத்தனை மடங்கு என்ற எண்ணை, கூகுள் பல்லாண்டுகளாக வளாகவாரியாக வெளியிட்டு வருகிறது; 2024-ன் ஒட்டுமொத்த அளவு 1.09, அதில் அதற்குப் போட்டியாளர்கள் குறைவு. நீருக்கும் அதைப் போலவே டபிள்யூ.யூ.ஈ. என்ற குறியீடு 2011 முதல் துறையில் புழங்குகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை லிட்டர் நீர் என்பது அதன் பொருள். மைக்ரோசாஃப்ட் தன் சராசரி 2021-ல் 0.49 ஆக இருந்தது 0.30 லிட்டராகக் குறைந்திருப்பதாக 2024-ல் வெளிப்படையாக அறிவித்தது. குளிர்விப்புக்கு நீரை ஆவியாக்கவே தேவைப்படாத புதிய வடிவமைப்பால் ஒரு மையத்துக்கு ஆண்டுக்கு 12.5 கோடி லிட்டருக்கு மேல் மிச்சமாகும் என்றும் கூறியது. கூகுளின் தண்ணீர்ப் பக்கங்களில் இப்படி ஒரு குறியீட்டை முகப்பில் வைத்து ஆண்டுக்காண்டு ஒப்பிடும் பழக்கம் இல்லை. மொத்தச் செலவு ஏறுவது தொழில் வளர்ந்ததால் மட்டுமா, சிக்கனம் தேய்ந்ததாலும் சேர்த்தா என்பதை வாசகர் பிரித்தறிய அந்தக் குறியீடுதான் கருவி. பி.டி.எஃப். கோப்பில் பூட்டிக் கிடக்கும் அட்டவணைகளைத் தட்டச்சு செய்து விரிதாளில் ஏற்றும் சிரமத்தையும், உலகின் தகவலையெல்லாம் ஒழுங்குபடுத்துவதே தன் வேலை என்று சொல்லிக்கொள்ளும் நிறுவனம் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

யாருக்கு இந்தப் பேரேட்டைப் பரிந்துரைப்பேன்? தங்கள் ஊருக்குத் தரவு மையம் வரப்போகிறது என்று கேள்விப்பட்ட எவருக்கும், குறிப்பாக நகராட்சி உறுப்பினர்களுக்கும் செய்தியாளர்களுக்கும், தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். முன்பக்கப் படங்களையும் கோல்ஃப் மைதானங்களையும் தாண்டிப் பின்னிணைப்பின் வளாகவாரி அட்டவணைக்குப் போகட்டும். தங்கள் ஊரின் தட்பவெப்பத்தோடு ஒத்துப்போகும் ஒரு வளாகத்தைத் தேடி அதன் செலவான நீரைக் குறித்துக்கொள்ளட்டும். அது நன்னீரா, மறுசுழற்சி நீரா, கடல்நீரா என்று கேட்கட்டும். நிறுவனத்தை நிறுவனத்தோடு ஒப்பிட்டு முதலீடு செய்ய விரும்புபவர்களுக்கு இது பாதிக் கருவிதான், மறுபாதியை மின்சாரக் கணக்கிலிருந்து அவர்களே கோத்துக்கொள்ள வேண்டும். விசாகப்பட்டினத்தில் ஐந்தாண்டுகளில் 1,500 கோடி டாலர் முதலீட்டில் செயற்கை நுண்ணறிவு மையம் ஒன்றை அமைக்கப்போவதாக 2025 அக்டோபரில் கூகுள் அறிவித்தது. அந்த வளாகம் முழுவீச்சில் ஓடத் தொடங்கிய முதல் ஆண்டுக்கான அறிக்கையில் அதற்கென ஒரு தனி வரி இருக்கிறதா, அந்த வரியில் எல்லாப் பத்திகளும் நிரம்பியிருக்கின்றனவா என்பதை வங்கக் கடலோரத்தில் வசிக்கும் நாம் முதலில் பார்க்க வேண்டும்.